பந்தை எனக்கே போடு

"உங்க வீட்லயே ஃபர்ஸ்ட் படிச்சவ நீதானாமே? இந்த ஊர் ஆபீஸ்ல சர்வைவ் பண்ணிடுவியாம்மா?" என்று, அமெரிக்காவில் நான் குடியிருக்கும் சுகர் லேண்டில் ஒரு தமிழ் ஆன்ட்டி கேட்டார்.

"பண்ணிட்டுத்தானே இருக்கேன் ஆன்ட்டி" என்றேன், தலை நிமிர்ந்து.

அடுத்த வாரமே ஆபீஸில் நான் வரைந்த ஒரு குழாய் வரைபடத்தில் வால்வைத் திசை மாற்றிப் போட்டேன். சைட்டுக்குப் போகுமுன் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகு எந்த வேலையையும் கேட்டு வாங்க எனக்குத் துணிவு வரவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு ஜெர்மன்காரர். உடைந்து கோணலான மூக்கு. இன்ஜினியராவதற்கு முன், தன் நாட்டில் நான்காம் நிலைக் கால்பந்து அணி ஒன்றில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். பந்து வருமுன் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தில், காபிக் கோப்பையை வாங்கும்போதுகூட இரண்டு தோள்களுக்குப் பின்னாலும் பார்த்துக்கொள்வார்.

"ஆட்டத்துல நீங்க பண்ணின பெரிய தப்பு எது?" என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"எங்க கோலுக்குள்ளயே பந்தை அடிச்சேன். எங்கம்மா வேற பார்த்துட்டிருந்தாங்க."

"அப்புறம்?"

"ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சதும், பந்தை எனக்கே போடுன்னு கோல்கீப்பர்கிட்ட கத்தினேன். கேக்கலைன்னா கடைசிவரைக்கும் ஒளிஞ்சுட்டே இருந்திருப்பேன்."

"போட்டாரா?"

"திட்டிக்கிட்டே போட்டான்."

வாய்விட்டுச் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு லேசானது. அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அவர் சொல்லவேயில்லை. அது அவருக்கு நினைவிருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அன்று மாலையே மேனேஜரிடம் போய், அதே குழாய்த் தொடரின் அடுத்த வரைபடத்தை எனக்கே தரச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முறைத்துவிட்டுக் கொடுத்தார். முதல் வால்வைப் போட்டாயிற்று.