சூடேறாத தட்டு

மிளகிலிருந்து பிரித்தெடுத்த பைப்பரின் வலியைக் குறைக்குமா, காய்ச்சலைத் தணிக்குமா, வீக்கத்தை வற்ற வைக்குமா? இதுதான் என் எம்.ஃபார்ம் ஆய்வு. காய்ச்சலிலும் வீக்கத்திலும் அது காலை வாரிவிட்டது. வலியில் மட்டும் ஜோராகக் கைகொடுத்தது. அந்த ஒன்றை நம்பித்தான் என் பட்டமே இருந்தது.

சோதனை எளிதுதான். சுண்டெலியைச் சூடான தட்டில் விட வேண்டும். அது பாதத்தை நக்கினாலோ குதித்தாலோ செல்போனில் ஓடும் ஸ்டாப்வாட்சை நிறுத்தி, எலியை உடனே எடுத்துவிட வேண்டும். மருந்தைப் புதிதாகக் கரைத்துக் கொடுத்து, காலையிலேயே சோதித்தும் முடித்துவிடுவேன். மருந்து குடித்த எலிகள் நிதானமாக நின்றன. மருந்தில்லாத எலிகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பேன். விட்ட கொஞ்ச நேரத்திலேயே துள்ளின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுமுன் சோதனையை நேரில் பார்க்க வேண்டும் என்றார் புதிய வழிகாட்டி மேடம். மதுரைக்காரர், அன்று காலைதான் கல்லூரியில் சேர்ந்திருந்தார். மதியம் மருந்தில்லாத எலியைத் தட்டில் விட்டேன். துள்ளியது. ஸ்டாப்வாட்சை நிறுத்தி, எலியைக் கூண்டில் விட்டுவிட்டு நிமிர்ந்தால், மேடம் சுவரோடு ஒட்டி நிற்கிறார்.

"என்னம்மா அது?"

"எதுங்க மேடம்?"

"கட்டடமே ஆடுச்சே!"

"ஓ, அதுங்களா? மைன்ஸ்ல வெடி வைக்கிறாங்க. தினமும் மதியானத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு வைப்பாங்க."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது: மருந்தில்லாத எலிகளை எல்லாம் நான் தட்டில் விட்டது மதியத்தில்தான். சுரங்க ஊழியர்களின் பிளாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். அலமாரியில் பாத்திரம் கலகலத்தாலும் சோற்றிலிருந்து தலை தூக்காத குடும்பம் எங்களுடையது.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கு இதே நேரம், தட்டைச் சூடு பண்ணாம வை," என்றார்.

மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓர் எலியை விட்டேன். அது மோந்துகொண்டே சுற்றி வந்தது. குதித்துத் தொலைக்காதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். இன்றைக்கு ஒருநாள் வெடி வைக்காமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று மைன்ஸ் மேல் ஆத்திரம் வந்தது.

வைத்தார்கள். எலி துள்ளிக் கண்ணாடித் தடுப்பில் மோதியது. மேடம் மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் தட்டில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. என் பட்டம் போயிற்று என்று தெரிந்தது. அடுத்த வெடிக்குத் தரை அதிர்ந்தபோது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கும் தூக்கிவாரிப் போட்டது.