தேனீக்கும் பிடிக்காத குடிசை

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் எங்களுக்கு வாடகைக்கு ஒரு குடிசை பிடித்தேன். மனைவியைக் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் முடிவெடுத்தால் போதும் என்பது என் கொள்கை.

இன்று அவளையும் மகளையும் அழைத்துப் போய்க் காட்டினேன். வாசல் வேம்பில் ஒரு தேனீக்கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ராணித் தேனீ சொன்னா மொத்தமும் கெளம்பும், பாரு" என்றேன்.

ராணி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. நாலைந்து தேனீக்கள் மட்டும் குடிசைக்குள் போய், மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பின. பிறகு வேறு சில போய்ப் பார்த்தன.

கடைசியில் கூட்டம் மொத்தமும் கிணற்றடிப் புளியமரப் பொந்துக்குப் போய்விட்டது.

"இன்னாங்க, அதுங்களே ஆள் வுட்டுப் பாத்து வேணாம்னுடுச்சி. நீங்க உள்ள போயாவது பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

அப்போதுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். கூரை வழியாக வானம் தெரிந்தது.

நாளை மூவருமாக வேறு குடிசை பார்க்கப் போகிறோம். தேனீயைக் கேட்காமல் வீடு பிடித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எனக்குத் துணை வேண்டும்.