ஹூஸ்டனிலிருந்து முப்பத்து மூன்றரை மணி

உலக உருண்டையில் ரியாத்தின் மேல் பிரேக் ஒயரின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, மறுமுனையைச் சென்னைக்கு வளைத்து இழுப்பார் துலுக்கானம். பிறகு ஒயரை ஸ்கேலில் வைத்து மைல் சொல்வார். அம்பத்தூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை. விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீட்டார் பயண நேரம் கேட்டு அவரிடம்தான் வருவார்கள்.

மீனம்பாக்கத்தோடு அவர் கணக்கை முடிப்பதில்லை. "ப்ளேன் கரெக்டா வந்துரும் நைனா. இந்த கேட்டு தொறக்கணுமே!" என்று அரைமணி சேர்ப்பார்.

மகன் வரதன் ரியாத்தில் வெல்டர். அனுப்பும்போது அவன் அம்மா கன்னியம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "எங்கனா போ. நாங்க கண்ண மூடினா ஒரு நாளுக்குள்ள வந்து கொள்ளி வெக்கணும்." ரியாத் அதில் தேறியது. போன மாதம் கடிதம் வந்தது: ஹூஸ்டனில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா?

ஒயர் ஒன்பதாயிரத்து நானூறு மைல் காட்டியது. பறப்பது இருபது மணி, பிராங்பர்ட்டிலும் பம்பாயிலும் உட்கார்ந்து கிடப்பது எட்டு, டிக்கெட்டுக்கு அலைவது நாலு, டாக்ஸி ஒன்று, கேட் அரை. முப்பத்து மூன்றரை.

"ஒரு நாளுக்கு மேல ஒம்போதரை மணி நேரம் ஒதைக்குது" என்றார்.

"அதுவரிக்கும் நான் நாறிகினு கெடக்கணுமா?"

"நீ ஏன் மின்ன போற? நான் போறேன்."

"நீ போனா மட்டும் மணக்குமாய்யா?"

மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஐஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் கோவிந்தன் பதறினான்.

"யாரு அண்ணாத்தே தவறிட்டாங்க?"

"யாருமில்ல. நானா அவளான்னு இன்னும் முடிவாவல. முப்பத்தி நாலு மணி நேரம் தாங்கணும். எத்தினி பார் ஐஸு வேணும்?"

கோவிந்தன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "உனுக்கு ரெண்டு போதும். அக்காவுக்கு மூணு. மரத்தூள் போட்டு மூடினா முப்பத்தாறு தாங்கும்."

வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "ரெண்டரை மணி நேரம் மிச்சம் கீது!"

கன்னியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப போவச் சொல்லு. வந்ததும் புள்ள ஒரு வாய் காபி குடிச்சிட்டு கொள்ளி வெக்கட்டும்" என்றாள்.

அன்று மாலையே கடையில் உட்கார்ந்து, 'போய் வா' என்று ஏர்மெயில் எழுதினார். கடித ஓரத்தில் பங்சர் சொல்யூஷனைத் தடவி, ஊதி, மடித்து, இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினார்.

"ஒட்டிக்கிச்சி, உடுய்யா" என்றாள் டீ கொண்டுவந்த கன்னியம்மாள்.

அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.