பாடுகிறவள் உட்காரும் இடம்

விரல் முட்டியால் வண்டியின் கதவை மூன்று தடவை தட்டிவிட்டு, வலது காதை அதன் தகரத்தில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் ஸ்பீக்கர்காரர். உள்ளே யாரோ தூங்குகிறார்கள், எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருக்கும். "போயிடுச்சு. ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சு, ஓரமெல்லாம் உதிர்ந்துபோச்சு," என்பார். திறந்து பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

இன்று வந்திருப்பது பழைய பிக்அப் வண்டி, பூச்செடி விற்கும் பெண்ணுடையது. "பாட்டுப் போட்டா தகர டப்பாவுல தவளை கத்துற மாதிரி இருக்குண்ணே," என்று அலுத்துக்கொண்டாள்.

கதவின் உள்பக்கத் தட்டியை அவர் கழற்றும் அழகே அழகு. திருகுகளை உதட்டில் கவ்விக்கொண்டு, பிளாஸ்டிக் கிளிப்புகளை "வந்துடு கண்ணு, வந்துடு" என்று கொஞ்சுவார். ஒன்று உடைந்தால் மட்டும் "சனியனே!" மத்தியான வெயில் பட்டறைக் கூரையின் ஓட்டைகள் வழியே வட்டம் வட்டமாக இறங்கி அவர் முதுகில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் கண் சொருகிவிடும்.

புது ஸ்பீக்கர் மாட்டியதும் ஒரு சோதனை உண்டு. வண்டிக்காரரை சீட்டின் நடுவில் உட்காரவைத்து, ஒரு பெண்குரல் பாட்டைப் போட்டு, "பாடுறவ எங்க உட்கார்ந்திருக்கா, சொல்லுங்க" என்பார். வயர் சரியாக இருந்தால் குரல் இரண்டு கதவையும் விட்டு டாஷ்போர்டின் நடுவே வந்து அமர்ந்துவிடும். ஒரு கதவில் ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனால் பாவம், அவளுக்கு இடமே கிடையாது. அந்தரத்தில் அலைவாள்.

தங்களுக்குச் செய்யும் மரியாதை இது என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. போன மழைக்காலத்திலிருந்து அவருக்கு இடது காது கேட்கவில்லை. குரல் நடுவில் அமர்ந்ததா என்று ஒற்றைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காது போன ஸ்பீக்கர்காரரிடம் எவன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்? அந்தப் பயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

செடிக்காரி சீட்டின் நடுவில் உட்கார்ந்து, வெகுநேரம் கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டாள். "எங்கயுமே உட்காரலையேண்ணே. என் தலையைச் சுத்திச் சுத்தி வர்றா."

அவர் முகம் செத்துவிட்டது. பழைய வயரில் ப்ளஸ்ஸைக் காட்டும் கோடு வெளுத்துப்போயிருந்தது. ஒரு சின்ன பாட்டரியை வைத்து எது ப்ளஸ் என்று பார்த்திருக்கலாம். "அதெல்லாம் கத்துக்குட்டிங்க வேலை, எனக்குக் காது போதும்" என்று முப்பது வருஷமாகக் கேலி பேசியவராயிற்றே!

"எனக்கு இடது காது போச்சு தங்கச்சி," என்றார், கதவைப் பார்த்துக்கொண்டே. "நீ வேணா வேற ஆளப் பாத்துக்கம்மா."

"நல்லாருக்கே! கதவப் பிரிச்சுப் போட்டுட்டு வேற ஆளப் பாருன்னா? எனக்குத்தான் ரெண்டு காது இருக்கே. நீங்க வயரப் பாருங்க, நான் அவளப் பாத்துக்கறேன்."

சுவர்க்கடிகாரத்தின் பாட்டரியைக் கழற்றி வந்து வயர்களில் தொட்டார். வலது ஸ்பீக்கரின் பேப்பர் வெளியே துள்ளியது. இடது உள்ளே வாங்கியது. "அடிக் கள்ளி!" என்று இடது வயரை மாற்றி மாட்டினார்.

மறுபடி அதே பாட்டு. அவள் கண்ணைத் திறக்காமலே டாஷ்போர்டின் நடுவே விரலை நீட்டினாள். "அதோ, அங்க."

அவருக்குப் பாட்டு வலப்பக்கம் மட்டும்தான் கேட்டது. அவள் காட்டிய இடத்தில், திருகு கழற்றும் அவருடைய திருப்புளி கிடந்தது. சத்தம் காட்டாமல் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்துத் தூசியைத் துணியால் துடைத்துவிட்டார்.