சோடாவில் கை கழுவிய மாப்பிள்ளை

ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஐந்து காரியங்களைச் செய்து முடிப்பது என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்றுதான் நடந்தது. அந்த ஒன்றுக்கும் அடி வாங்கினேன்.

நடக்காத நான்கையும் சொல்லிவிடுகிறேன், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடலில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது. அப்பாவின் சைக்கிளில் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது. தெப்பக்குளத்தை நிற்காமல் ஐந்து சுற்று ஓடுவது. அடுத்த போர்ஷன் செல்வியைத் தாயத்தில் ஒரு தடவையாவது ஜெயிப்பது. செல்வி என்னைவிட இரண்டு வயது பெரியவள். காய் நகர்த்தும்போது ஏமாற்றுவாள், கேட்டால் கிள்ளுவாள். அதனால் அந்த நான்காவது நடக்காது என்று எழுதும்போதே தெரியும்.

ஐந்தாவது, பறக்கும் ரயிலில் போவது. மயிலாப்பூரில் நாங்கள் இருந்த சந்தில் நின்றால், கட்டடங்களுக்கு மேலே ரயில் போவது தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் பாலத்துக்கு அடியில்தான் நடப்பேன். ஒரு நாளும் ஏறியதில்லை. அப்பா எலக்ட்ரீஷியன். ஊரில் உள்ள மாடியெல்லாம் ஏறுவார், ரயிலில் மட்டும் ஏற மாட்டார், சைக்கிள் இருக்கும்போது ரயில் எதற்கு என்பார். அம்மாவிடம் கேட்டால், “அதுல போயி இன்னா பண்ணப் போற? கலெக்டர் ஆபீஸ்ல கையெழுத்து போடணுமா?” என்பாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அந்தக் கோடையில் நாங்கள் தண்ணீருக்குக் காவல் இருந்தோம். குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. எங்கள் காம்பவுண்டில் எட்டுக் குடித்தனம். வீட்டுக்கு ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் குடங்கள். எங்களுடையது பச்சை, மொத்தம் ஏழு. விடிந்ததும் சந்தில் வரிசையாக வைத்துவிட வேண்டும். குடம் நிற்கிற இடம் வீட்டுக்கான இடம். ஆனால் லாரி வந்து நிற்கும்போது குடத்துக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத குடத்தைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு வரிசை நகர்ந்துவிடும். இதில் சொந்தம், சிநேகம் எதுவும் செல்லாது. பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட விட மாட்டார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் இரண்டு குடம் விட்டுக்கொடுப்பார்கள், அதுவும் முணுமுணுத்துக்கொண்டு.

விடுமுறை என்பதால் அந்த ஆள் நான். காலையிலிருந்து குடங்களுக்கு எதிரே குந்தியிருப்பேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் வளர்த்தார். தி. நகரில் ஒரு தையல் கடையில் ரவிக்கைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். “அந்தப் பொண்ணு வெட்னாத்தான் தோள் சரியா நிக்கும்” என்று கார் வைத்திருக்கிற மாமிகள் காத்திருந்து கொடுத்துவிட்டுப் போவார்களாம். என் காலண்டர் தாளைச் சிரிக்காமல் படித்த ஒரே ஆள் அவள்தான். படித்துவிட்டு, “அஞ்சாவது ஈஸிதாண்டி. மீதிதான் கஷ்டம்” என்றாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்த வரனை அவள் வேண்டாம் என்று சொன்னாள். “வேணாம்ண்ணா” என்று ஒரே வார்த்தைதான். அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா சும்மா இருப்பாளா? “வளத்த அண்ணன பட்னி போட்டு சாவடிச்சிட்டு நீ நல்லா இருந்துடுவியா?” என்று காலையும் மாலையும் கேட்டாள். மூன்றாம் நாள் அத்தை சரி என்றாள். அப்பா அன்றைக்குத்தான் சோற்றில் கை வைத்தார். அந்த மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் கேட்டதால் அது தானாக நின்றுபோனது. எங்கள் வீட்டில் வரனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும்தான் என்று அத்தை அப்போது தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு என் ரயில்.

அடுத்து வந்தது திருவொற்றியூர் வரன். அண்ணன் தம்பி சேர்ந்து டயர் கடை வைத்திருந்தார்கள். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாதாம். “எங்க வூட்டு மருமவ வேலைக்குப் போயி சம்பாரிச்சி அடுப்பு எரியணும்னு இல்ல. கல்யாணமானா வூட்லயே ராணி மாதிரி இருக்கட்டும்” என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இதை அம்மா காம்பவுண்டு முழுக்கச் சொல்லிப் பூரித்தாள். அத்தை காது கேட்காதவள் மாதிரி கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டில் அரை அண்டா தண்ணீர்தான். அன்றைக்குக் கட்டாயம் லாரி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா அவர்களை அழைத்துவரத் திருவொற்றியூருக்கே கிளம்பிவிட்டார். அம்மா கேசரி கிண்டி மூடி வைத்துவிட்டு, அத்தைக்குப் போட்டுவிட ஒரு சங்கிலி இரவல் வாங்க அடையாறில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது என் காதைப் பிடித்துச் சொன்னாள்.

“கொடத்த வுட்டு நகர்ந்த, தோல உரிச்சிடுவேன். இன்னிக்கி தண்ணி இல்லன்னா நம்ம மானம் சந்தி சிரிச்சிடும்.” அத்தையிடம், “நீ வெளிய போயி நிக்காத, வெயில்ல கறுத்துப் போவ” என்றாள்.

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். அத்தை வெளியே வந்தாள்.

“ரயிலு ரயிலுன்னு உசுர வாங்கினு இருந்தியே, போறியா?”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “லாரி வந்துச்சின்னா?”

“நான் பாத்துக்கறேன். செல்வியக் கூட்டினு போ. கதவாண்ட நிக்காத. பீச் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா.” டிக்கெட்டுக்கும் ஆளுக்கு ஒரு குச்சி ஐசுக்கும் காசு கையில் வைத்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். உலகத்தில் இப்படி ஒரு அத்தை யாருக்கும் கிடையாது என்று செல்வியிடம் ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

திருமயிலை ஸ்டேஷன் உள்ளே இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆயிரம் பேருக்குக் கட்டியதில் நாங்கள் இரண்டு பேர்தான். பேசினால் எதிரொலித்தது. செல்வி சும்மாவே கத்திப் பார்த்தாள், புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. ரயில் வந்ததும் ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொண்டோம். பெட்டியே காலி, ஆளுக்குப் பத்து ஜன்னல் இருந்தது, இருந்தாலும் ஒரே ஜன்னலுக்குத்தான் அடித்துக்கொண்டோம்.

கீழே கால்வாய் கறுப்பாகக் கிடந்தது. மொட்டை மாடிகளில் வற்றலும் புடவையும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மாடியில் ஒரு தாத்தா பனியன்கூட இல்லாமல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். நாங்கள் பார்த்தோம், டாட்டா காட்டினோம். சேப்பாக்கம் வந்ததும் ஸ்டேடியத்தின் உள்ளே இருக்கிற புல் ஒரு கீற்றுப் போலத் தெரிந்தது. ஊரே காய்ந்து கிடக்க அது மட்டும் பச்சையாக இருந்தது. “அதுக்கு மட்டும் எந்த லாரில ஊத்தறான்?” என்றாள் செல்வி.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால் கடல் இல்லை. நடைமேடையின் இரண்டு முனைக்கும் ஓடிப் பார்த்தோம். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவிடம் கேட்டேன், “ஆயா, கடல் எங்க கீது?”

“ஹார்பர் உள்ள பூட்டி வெச்சிக்கீறாங்கோ. சாவி என்னாண்ட இல்ல, போ” என்றாள்.

சிரித்துக்கொண்டே அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையாதலால் அது வர நேரமானது. வீடு திரும்பும்போது மணி மூன்றுக்கு மேல்.

சந்து ஈரமாக இருந்தது. லாரி வந்து போயிருந்தது. எங்கள் குடங்கள் வரிசை இருந்த இடத்தில் இல்லை, அத்தை பிடித்துவிட்டாள் என்று நிம்மதியாக வந்தேன். வாசலுக்கு வந்தால், படியின் இரண்டு பக்கமும் ஏழு பச்சைக் குடங்களும் வாயை மேலே வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. எட்டிப் பார்த்தேன். ஏழும் காலி. ஓரம் தள்ளப்பட்ட குடம் சந்தில் உருண்டு கிடக்கும். இவற்றை யாரோ பொறுப்பாக எடுத்து வந்து, அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். யார் என்று யோசிப்பதற்குள் அம்மாவின் கை என் தலைமயிரைப் பிடித்துவிட்டது. அவளும் அப்போதுதான் சங்கிலியோடு வந்திருந்தாள்.

உள்ளே இழுத்துப் போட்டு அடித்தாள். கரண்டிக் காம்பால் கெண்டைக்காலில். “அத்தைதாம்மா போச் சொன்னா! காசு குட்த்தா!” என்று கத்தினேன்.

அத்தை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். “காசு குட்த்தேன் அண்ணி. லாரி போனப்புறம் போடின்னு சொன்னேன். இவ எப்ப ஓடுனான்னு எனக்குத் தெரியாது.”

“லாரி வந்தப்ப நீ இன்னாடி பண்ணினு இருந்த?”

“தலைக்குக் குளிச்சினு இருந்தேன். பாத்ரூம்ல சத்தம் கேக்கல.”

அம்மா அண்டாவைத் திறந்தாள். அரை அண்டாவும் காலி. கடைசிச் சொம்புவரை ஊற்றிக் குளித்திருந்தாள். பெண் பார்க்க வரும்போது குளித்த பெண்ணை என்ன சொல்ல முடியும்? எல்லா அடியும் எனக்கே வந்தது. அப்பட்டமான பொய்யை என் கண்ணெதிரே சொல்லிவிட்டு, அத்தை சீப்பை எடுத்துத் தலையை வாரத் தொடங்கினாள். வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா படியேறவில்லை. குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல காரியத்துக்குப் போகும்போது எதிரே ஒரு வெறுங்குடம் வந்தாலே திரும்பி நடக்கிறவர்கள் எங்கள் ஆட்கள். இங்கே ஏழு.

“இன்னாபா இது, வெறுங்கொடத்த வெச்சிக்கினு வரவேற்பு குட்க்கறீங்கோ?”

“அது… லாரி… வாங்கம்மா, உள்ள வாங்க” என்றார் அப்பா.

உட்கார்ந்ததும் அவள் கேட்டது, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா.” அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்பா முனைக் கடைக்கு ஓடிப் போய் ஒரு டஜன் கோலி சோடா தூக்கிவந்தார். குடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கக்கூஸ் போக வேண்டியிருந்தது. அதற்குச் செல்வியின் அம்மா அரை வாளி கொடுத்தாள், மகளைக் கெடுத்தேன் என்று என்னைத் திட்டிக்கொண்டே. கேசரி சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் நெய்க் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியில்லை. அப்பா ஒவ்வொருவர் கையிலும் சோடாவை உடைத்து ஊற்றினார். மாப்பிள்ளை முகம் சுளிக்கவில்லை. கையில் நுரை பொங்குவதைப் பார்த்து, “ஜில்லுன்னு கீது” என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்ற மரியாதைகூட அந்த அம்மாள் வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று அப்பாவிடம் சொன்னாள், “பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா வாசப்படில ஏழு வெறுங்கொடம், எனக்கு மனசு ஒப்பல. தப்பா நெனைச்சிக்காதபா.” அப்பா தலையை ஆட்டினார். சகுனத்தோடு யார் சண்டை போட முடியும்? அன்று ராத்திரி அவர் சாப்பிட்டார். அத்தைமேல் கோபிக்க அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

அத்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அப்பா மறுபடி பட்டினி கிடந்திருப்பார். அத்தை வேண்டுமென்றே கெடுத்தாள் என்று தெரிந்திருந்தால் அடுத்த மாதமே யார் தலையிலாவது கட்டியிருப்பார்கள். பத்து வயதுப் பெண் ஊர் சுற்றப் போய்க் கெடுத்தாள் என்றால் நாலு அடியோடு முடிந்துவிடும். கணக்காகத்தான் வெட்டியிருக்கிறாள். இன்றைக்கு அவளுக்குப் பாலவாக்கத்தில் சொந்தக் கடை, ஐந்து மெஷின். நேராகவே கேட்டுவிட்டேன். “பழைய கதைய ஏண்டி நோண்டற, டீ குடி” என்கிறாள். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவள் கல்யாணத்தைக் கெடுத்ததற்கு அல்ல. என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அடியைச் சம்மதித்தே வாங்கியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, அத்தை உள்ளறையில் பட்டுப்புடவையைக் களைந்து மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தாள். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவள் சொன்ன பொய்யைக்கூட, பாவம், பயத்தில் சொல்லியிருப்பாள் என்று மன்னித்துவிட்டேன். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன்.

“என்னாலதான் அத்தை உன் கல்யாணம் நின்னு போச்சி. இனிமே நான் எங்கயும் போ மாட்டேன்.”

அவள் பாட்டு நின்றது. என் காலைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள், வெகுநேரம். மாப்பிள்ளை கைவிட்டுப் போன துக்கம் என்று நினைத்து, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று நானும் கூட அழுதேன்.