பொம்மை என்னுது

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெள்ளிமலையில் நர்ஸாக இருந்த நான் ஒரு வாரம் மலையை விட்டு இறங்க முடியவில்லை. பஸ் ஓடியதும் கள்ளக்குறிச்சியில் இருந்த என் வீட்டுக்கு வந்தேன். பின்கதவு பெயர்ந்து கிடந்தது. கண்ணாடி அலமாரி காலி. சாவி கொடுத்தால் ஓடும் தகர பொம்மைகள், இருபது வருஷமாகச் சேர்த்தவை, ஒன்றுகூட இல்லை.

தப்பு என்னுடையதுதான். அலமாரியைப் பூட்டிவிட்டு, வருகிறவர்களுக்குத் திறந்து காட்ட வசதியாகச் சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டியிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார். "நகை போச்சாம்மா?"

"இல்லைங்க. பொம்மை."

"உனக்கு எத்தினி புள்ளைங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆவலைங்க. பொம்மை என்னுது."

பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "மறியல் கேஸுக்கே ஆளு கம்மி. நாப்பது வயசுல இன்னாம்மா பொம்மை? வூட்டுக்குப் போ."

என் அண்ணியும் இப்படித்தான் சிரிப்பாள். வழக்கமாக நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அன்று சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். "மேளம் அடிக்கிற குரங்கு, இடது காது இல்ல. பச்சை பஸ்ஸு, பின்சக்கரம் நான் மாத்தனது..."

ஒன்பதாவது பொம்மையில் பேனாவைத் திறந்தார்.

எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி வாங்கினேன். அலமாரி அதே இடத்தில்தான் இருக்கிறது. சாவி மட்டும் கறுப்புக் கயிற்றில் என் கழுத்தில் தொங்குகிறது. தாலி இல்லாத கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது இது என்ன என்று கேட்கிறார்கள்.

"பொம்மை அலமாரி சாவி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறேன்.