தோற்றாலும் மாறாத திட்டம்

நான் ரசிக்கும் ஃபுட்பால் டீம் நேற்றும் தோற்றது. கோல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளை டீம் மேனேஜர் நேற்றும் டிஃபென்ஸில்தான் நிறுத்தியிருந்தார்.

காலையில் எங்கள் பனியன் கம்பெனி வேனில் இதையே புலம்பிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து சீட் செல்வி அக்கா கேட்டார்: "ஏனுங்க தம்பி, தோத்தாலும் ஆள மாத்தி நிறுத்த மாட்டாருங்களா?"

"கேட்டா, என் திட்டத்த மாத்த மாட்டேங்கறாருங்க அக்கா."

பைக் பஞ்சரானதால் எங்களோடு வந்த எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "திட்டமெல்லாம் சரிதானுங்க. ஆளுங்கதான் சரியில்லீங்க."



அருமையான டெய்லரான அக்காவை ஒரு மாதமாகப் பேக்கிங்கில் நிறுத்தி வைத்திருப்பவர் இவர்தான்.

இறங்கும்போது அக்கா என் காதோடு சொன்னார்: "உங்க டீம் இன்னும் தோக்குமுங்க தம்பி."

இப்போது எனக்குக் கவலைப்பட இரண்டு டீம். உங்களுக்கு எத்தனைங்க?